பாட்டி ஒன்றும் வெள்ளந்தி இல்லை

பாட்டி போன பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். "வெள்ளந்தி மனசு. யார் வந்து கேட்டாலும் தூக்கிக் குடுத்துடுவாங்க." பாசத்தோடுதான் சொன்னார்கள், குறை சொல்ல முடியாது. நானும் தலையாட்டினேன். ஆனாலும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாட்டி வெள்ளந்தியும் இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தவரும் இல்லை.

கேட்டு வந்த பலரை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அடிக்கடி வருவார். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுத் தொழில், ஒரு புதுக் கூட்டாளி. பாட்டி குறுக்கே பேசாமல் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "உனக்குக் குடுக்கறதா இல்லப்பா. உன் பொண்டாட்டிய வரச் சொல்லு, அவகிட்ட பேசிக்கறேன்" என்பார். 'இப்ப கையில இல்லையே' என்ற வழக்கமான பொய்கூடக் கிடையாது. அந்த அம்மா வந்தார். இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்ன கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த மனிதர் மட்டும் "கிழவிக்குக் கல்நெஞ்சு" என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது பாட்டி காதுக்கும் வந்தது. சட்டை செய்யவே இல்லை.

கேட்காதவர்களிடம்தான் பாட்டியின் கண் இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பெண், பள்ளிக்கூடம் போகிற வயது, வீட்டில் கஷ்டம். கேட்டுக் கையேந்துகிற குடும்பம் இல்லை, கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டார்கள். பாட்டி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "எனக்குக் கண்ணு தெரியல. தினமும் சாயங்காலம் வந்து பேப்பர் படிச்சுச் சொல்றியா? சம்பளம் தந்துடுறேன்" என்றார். படிப்புச் செலவு அப்படித்தான் ஓடியது. ஒருநாள் அந்தப் பெண் தூக்கக் கலக்கத்தில் ஒரு பத்தியைத் தாண்டிப் படித்துவிட்டாள். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த பாட்டி, "நடுவுல ஒரு பத்தி விட்டுட்டியே" என்றார். காலையிலேயே முழுப் பேப்பரையும் படித்து முடித்திருந்தார்! அந்தப் பெண் ஒரு நிமிடம் பாட்டியைப் பார்த்துவிட்டு, விட்ட பத்திக்குத் திரும்பிப் போய்ப் படித்தாளாம். அதற்குப் பிறகும் சாயங்கால வாசிப்பு நிற்கவில்லை, சம்பளமும் நிற்கவில்லை. இரண்டு பேருமே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இப்போது நல்ல வேலையில் இருக்கும் அவரே சொல்லித்தான் எங்களுக்கு இது தெரியும்.

துணிமணி, போர்வை, பாத்திரம் எதுவானாலும் அதே கதைதான். "இடத்த அடைச்சுக்கிட்டுக் கிடக்கு, நீ எடுத்துட்டுப் போனா எனக்குப் பெரிய உதவி" என்பார். வாங்கிக்கொண்டு போகிறவர் ஏதோ பாட்டிக்கு ஒத்தாசை செய்த மாதிரி நிமிர்ந்து போவார். அதற்கு யோசனை வேண்டும், நடிப்பும் வேண்டும். யாருக்கு எது குறைகிறது, யார் எதைச் சொன்னால் சுருங்கிப் போவார்கள் என்ற கணக்கு முழுவதும் மனதில் இருக்க வேண்டும். இதைச் செய்தவரை வெள்ளந்தி என்றால் எப்படி?

நாம் ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பிறவிக் குணம் என்று வைத்துவிட்டால் நமக்கு வசதி. அவருக்கு இயல்பாக வந்தது, நமக்கு வரவில்லை, முடிந்தது கதை. அறிவு என்று ஒப்புக்கொண்டால் நாமும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இன்னொன்றும் உண்டு. இதையே ஒரு தாத்தா செய்திருந்தால் 'பெரிய மனுஷன்' என்றிருப்பார்கள். பாட்டி செய்தால் மட்டும் ஏமாளித்தனத்துக்குப் பக்கத்தில் ஓரிடம்.

அறிவியல்கூட இந்த விஷயத்தில் நம்மைவிடப் பாட்டிகளை மதிக்கிறது. வடக்கு டான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களிடம், 1980-களில் கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானுடவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆய்வு செய்தார்கள். பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய பெண்கள்தான் அங்கே சளைக்காமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்துவிட்டால், மூத்த பிள்ளைகள் எடை கூடுவது பாட்டி தேடிக் கொண்டுவருவதைப் பொறுத்திருந்தது. இதிலிருந்து வளர்ந்ததுதான் 'பாட்டிக் கருதுகோள்'. மனிதப் பெண்கள் மாதவிடாய் நின்ற பிறகும் இவ்வளவு காலம் வாழ்வதற்கு இந்த உதவியே காரணம் என்கிறது அது. எல்லா ஆய்வாளர்களும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை, விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்கு இன்னும் பிடித்தது ஓர்கா திமிங்கிலங்களைப் பற்றி 2015-இல் வந்த ஆய்வு. அவற்றிலும் கிழவிகள் உண்டு. சால்மன் மீன் குறைந்த ஆண்டுகளில் கூட்டத்துக்கு முன்னால் நீந்துவது பெரும்பாலும் அந்தக் கிழவிகள்தான். பஞ்ச காலத்தில் எங்கே போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்போல. அதைப் படித்தபோது அந்த உள்ளறையும் சாத்திய கதவும்தான் நினைவுக்கு வந்தன.

அதற்காகப் பாட்டியைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. நினைவுப் பதிவுகளில் எல்லாப் பாட்டிகளும் அன்பின் மறுவடிவம் ஆகிவிடுகிறார்கள். படித்து முடித்தால் எந்தப் பாட்டி யாருடைய பாட்டி என்றே தெரிவதில்லை. எங்கள் பாட்டியின் தாராளத்துக்கு வீட்டில் இருந்தவர்களும் விலை கொடுத்தார்கள். அம்மா ஒரு பொருளை வைத்த இடத்தில் தேடினால் அது இருக்காது. "அத்தை, இங்க இருந்த போர்வை எங்கே?" என்றால் பாட்டிக்குத் திடீரென்று காது கேட்காது. ஊருக்கெல்லாம் அவ்வளவு பக்குவமாகக் கொடுத்தவர், மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம். அம்மா பாட்டியை நேசித்தார், அந்தக் குறையும் அவருக்குக் கடைசிவரை இருந்தது. இரண்டுமே உண்மை.

அப்பாவின் வழக்கு இன்னும் பழையது. கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்து பார்த்தால் அவருடைய சைக்கிளைக் காணோம். "நீ அங்க இருக்கே, அது இங்க சும்மாதானே கிடக்கு" என்றிருக்கிறார் பாட்டி. இத்தனை வருடம் கழித்தும் குடும்பம் கூடினால் அப்பா அந்தக் கதையை எடுத்துவிடுவார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் சைக்கிளின் நிறம், மணி, பின்னால் இருந்த கேரியர் என்று ஒன்று விடாமல் சொல்வார். இந்தப் பதிவை எழுதுவதற்காக நேற்று அவரிடம், "யாருக்குத்தான் குடுத்தாங்கப்பா அதை?" என்று கேட்டேன்.

"எத்தனையோ தடவை கேட்டாச்சு. 'அவன் உன்னைப் பார்த்துக் கூசிப் போவான், பேரெல்லாம் எதுக்கு'ன்னுட்டாங்க. கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல" என்றார். கொஞ்சம் கோபமாகத்தான்.