தானாகக் கரையும் புற்றுக்கட்டி: வாட்ஸ்அப் சொல்லாத பக்கம்

“மருந்தே இல்லாம கேன்சர் கரைஞ்சிருச்சு” என்று சுற்றும் ஃபார்வேர்டுகளில் பயாப்ஸி ரிப்போர்ட் பற்றிப் பேச்சே இருக்காது. ஆனால் பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமாவில் இது நிஜமாகவே நடக்கிறது. முதிராத நரம்பு செல்களில் உருவாகி, பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பியில் தொடங்கும் புற்றுக்கட்டி இது.

ஜப்பான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1980களின் நடுவிலிருந்து நாடு முழுக்க ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். இந்தக் கட்டி இருந்தால் சிறுநீரில் கூடும் வி.எம்.ஏ., எச்.வி.ஏ. என்ற ரசாயனங்களின் அளவு அதிகமாயிருந்தால் ஸ்கேன், ஆபரேஷன், பலருக்குக் கீமோவும். நோயாளிகள் எண்ணிக்கை எகிறியது. கனடாவின் கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் இப்படிச் சோதித்து 2002-ல் வெளியிட்ட முடிவு: இறப்பு குறையவே இல்லை. தானே மறைந்திருக்கக்கூடிய கட்டிகளைத்தான் தேடித்தேடி வெட்டியிருக்கிறார்கள்; உயிரெடுக்கும் வகை பெரும்பாலும் அந்த வலையில் சிக்கவில்லை. 2004-ல் ஜப்பான் திட்டத்தை நிறுத்தியது. சீக்கிரம் கண்டுபிடித்தால் எப்போதும் நல்லது என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கணும்.

அமெரிக்காவில் ஒரு ஆய்வு, ஆறு மாதத்துக்கு உட்பட்ட, சின்ன அட்ரீனல் கட்டியுள்ள 83 குழந்தைகளைக் கத்தி வைக்காமல் கண்காணித்தது. சும்மா விட்டுவிடவில்லை. குறித்த நாளில் அல்ட்ராசவுண்ட், சிறுநீர்ச் சோதனை. கட்டியின் கன அளவு 50 சதவீதத்துக்கு மேல் கூடினால் ஆபரேஷன். கடைசியில் 16 பேருக்குத்தான் அது தேவைப்பட்டது. மூன்று வருடம் கழித்தும் அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள்.

4எஸ் என்ற நிலை இன்னும் விசித்திரம். கல்லீரல், தோல், எலும்பு மஜ்ஜை வரை பரவியும் பல குழந்தைகளுக்குத் தானே வடிந்துவிடும். ஆனால் இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தையின் கல்லீரல் வேகமாக வீங்கி உதரவிதானத்தை (நுரையீரலுக்குக் கீழே இருக்கிற மூச்சுத் தசை) மேலே தள்ளினால் மூச்சு முட்டும். அங்கே காத்திருப்பது ஆபத்து, குறைந்த அளவு கீமோவை உடனே தொடங்கணும். கட்டியை மூர்க்கமாக வளரவைக்கும் எம்.ஒய்.சி.என். மரபணு கட்டியின் செல்களில் பல நகல்களாகப் பெருகியிருந்தாலும் காத்திருக்கக் கூடாது, முழு சிகிச்சைதான்.

சில கட்டிகள் மறைவதில்லை. செல்கள் முதிர்ந்து சாதுவாகிவிடுகின்றன. மருந்தால் இதைச் செய்ய முடியுமா என்று பார்த்ததில்தான் ஐசோட்ரெட்டினோயின் உள்ளே வந்தது. ஆமாம், முகப்பருவுக்குக் கொடுக்கிற அதே மருந்துதான், அளவு மட்டும் பல மடங்கு. தீவிர வகையில் கீமோ, ஆபரேஷன், ஸ்டெம் செல் மாற்று, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தபின், உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 160 மி.கி. 14 நாள் கொடுத்து 14 நாள் நிறுத்தி, ஆறு சுற்று. உதடு வெடிக்கும், ட்ரைகிளிசரைடும் கால்சியமும் ஏறலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.