மூலையில் நிற்கும் சிலிண்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த அம்மா இல்லை

அந்த வீடியோவை இங்கே மறுபடி பகிரப் போவதில்லை. பார்க்காதவர்கள் குறைவு. பழவேற்காடு பக்கம் ஒரு வீட்டு வாசலில் சவுக்கு விறகில் உலை கொதிக்கிறது. கேமரா உள்ளே போனால் பூப்போட்ட உறை மாட்டிய சிலிண்டர் மூலையில் நிற்கிறது. உடனே சிரிப்பு. "கேஸ் குடுத்தாலும் இவங்க திருந்த மாட்டாங்க." அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வதையும் விடாமல் எடுத்திருக்கிறார்கள். அதைப் பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் நம் வட சென்னைக்காரர்கள். எண்ணூரிலும் கொருக்குப்பேட்டையிலும் இருந்துகொண்டு இதைப் பகிர எப்படி மனசு வந்தது என்றுதான் ஆறவில்லை.

விஷயம் ஒன்றுதான். இணைப்பு கொடுப்பது வேறு, மாதா மாதம் எரிக்க முடிவது வேறு. முதலாவதை அரசு செய்தது, நல்ல காரியம். இரண்டாவதற்கு ஒரே நாளில் மொத்தப் பணமும் கையில் இருக்க வேண்டும்.

14.2 கிலோ சிலிண்டர் 800 ரூபாய்க்கு மேல். ஏழை வீட்டுப் பெண்களுக்கு மத்திய அரசு கேஸ் கொடுக்கும் திட்டம் உஜ்வாலா, அந்த இணைப்புக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் கதவைத் தட்டும்போது முழு விலையும் எண்ணி வைக்க வேண்டும், தூக்கி வந்தவருக்குக் கையில் ஏதாவது தனியாக. மானியம் பிறகு வங்கிக்குப் போகும். எந்த வங்கிக்கு? ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தார்களோ, அதற்கு. நூறு நாள் வேலைக்கு ஒன்று, குழுக் கடனுக்கு ஒன்று என்று மூன்று பாஸ்புக் வைத்திருக்கும் வீட்டில் பணம் எதில் விழுந்தது என்று தெரியாமலே போய்விடுகிறது. மானியமே வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் வருடத்துக்கு 12 சிலிண்டருக்கு என்று இருந்தது, 2025-26இல் 9 ஆனது.

இன்னொன்றை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 2016இல் உஜ்வாலா தொடங்கியபோது டெபாசிட்தான் இலவசம். அடுப்பும் முதல் சிலிண்டரும் பெரும்பாலான வீடுகளுக்குக் கடன். அந்தக் கடன் தீரும்வரை அடுத்தடுத்த சிலிண்டர்களின் மானியத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதாவது, மிக ஏழையான வீடு முழு விலை கொடுத்தே வாங்கியது. 2018இல் அடுத்த ஆறு சிலிண்டருக்குப் பிடித்தம் வேண்டாம் என்று தள்ளிவைத்தார்கள். 2021இல் வந்த இரண்டாம் கட்டத்தில்தான் அடுப்பும் முதல் சிலிண்டரும் உண்மையிலேயே இலவசம். தொடக்கத்திலேயே கை சுட்டுக்கொண்ட வீடுகள் இரண்டாவது சிலிண்டருக்குத் தயங்கினால் அதற்குப் பெயர் பழக்கமா?

"குடிக்கக் காசு இருக்கு, கேஸுக்கு இல்லையா?" இந்தக் கமென்ட் வரும் என்று தெரியும். குடிப்பது யார், விறகு பொறுக்குவது யார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். இதற்கு மேல் அதற்குப் பதில் கிடையாது.

"விறகு சும்மா கிடைக்குது, அதனால கேஸ் வாங்க மாட்டாங்க" என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு, அதனால் கணக்கைச் சொல்கிறேன். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. மீதி புகையும் காற்றும். ஒரு 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் வேலையை விறகால் செய்ய 200 கிலோவுக்கு மேல் வேண்டும். அதை வெட்டி, சுமந்து, மழைக்கு நனையாமல் காக்கும் உழைப்புக்கு யாரும் கூலி போடுவதில்லை, அதனால்தான் சும்மா மாதிரி தெரிகிறது. நம் பக்கத்தில் சவுக்குகூட இல்லை. துறைமுகத்திலிருந்து வரும் பேக்கிங் கட்டைகளும் உடைந்த பிளைவுட்டும்தான். பிளைவுட்டை ஒட்டிய பசை எரியும்போது வரும் புகை சாதாரண விறகுப் புகையைவிட மோசம். அது ஒரு பத்துக்குப் பத்து அறைக்குள் போகிறது.

மொத்தப் பணம்தான் சிக்கல் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம், சந்துக் கடையில் கிலோ கணக்கில் கேஸ் அடித்துத் தருவதைப் பாருங்கள். பெரிய சிலிண்டரிலிருந்து ரப்பர் குழாய் போட்டு முத்திரை இல்லாத குட்டி சிலிண்டருக்கு மாற்றுகிறார்கள். எடையைச் சரியாகப் பார்த்து நிரப்புவதில்லை, மேலே ஆவிக்கு இடம் விடாமல் திரவம் முட்டி நிற்கலாம், சூடேறினால் வால்வு தாங்காது. சட்டப்படி குற்றம், உயிருக்கு ஆபத்து. விலையும் கிலோவுக்கு அதிகம். தெரிந்தேதான் வாங்குகிறார்கள், ஏனென்றால் அன்றைய கூலியில் அன்றைக்கு ஒரு கிலோதான் வாங்க முடியும். காசு இல்லாதவர்கள் அல்ல, காசு சிறுகச் சிறுக வருபவர்கள்.

5 கிலோ சிலிண்டர் இதற்காகத்தான் இருக்கிறது. உஜ்வாலாவில் பெரியதைக் கொடுத்துவிட்டு 5 கிலோவாக மாற்றிக்கொள்ளலாம், மானியம் எடைக்குத் தகுந்தபடி வரும். இதைச் சொல்லிக் கொடுக்கும் ஏஜென்சி எத்தனை? கடையில் முகவரிச் சான்று இல்லாமல் கிடைக்கும் 5 கிலோ வேறு, அதற்கு மானியம் இல்லை. இரண்டையும் குழப்பி, கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிட்டு "சின்னதுதான் ஜாஸ்தி" என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய.

பிறகு கைரேகை. காசிமேட்டில் இறால் உரிக்கும் ஒரு அக்கா. ஐஸ் தண்ணீரிலும் இறால் முள்ளிலும் விரல் நுனி தேய்ந்து வழவழவென்று இருக்கும். கேஸ் இணைப்புக்காக ஆதாரோடு ஆளைச் சரிபார்க்கும் இ-கேஒய்சி மெஷினில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, எதுவும் ஏறவில்லை. துடைத்துவிட்டு வா, எண்ணெய் தடவிவிட்டு வா என்று நடக்க விட்டார்கள். ஒவ்வொரு நடைக்கும் அரை நாள் கூலி போனது. முகத்தைக் காட்டியே செல்போனில் முடிக்கும் வசதி இருக்கிறது என்று கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்தான் சொன்னாள். கவுன்டரில் உட்கார்ந்திருந்தவர் சொல்லவில்லை.

"கேஸ் வேணாம், கரன்ட் அடுப்பு வாங்கட்டும், அதான் 100 யூனிட் ஃப்ரீயாச்சே" என்பவர்களுக்கு. ஒரு சிலிண்டர் வேலையை இன்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 115, 120 யூனிட்டில் செய்துவிடும். சொந்த சர்வீஸ் உள்ள வீட்டுக்கு, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், கேஸைவிட மலிவு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வியாசர்பாடியில் ஒரே சர்வீஸில் நான்கு குடித்தனம் இருக்கும் வீட்டை யோசியுங்கள். 100 யூனிட் இலவசம் சர்வீஸுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. நான்கு குடும்பமும் சேர்ந்தால் 500 சுலபமாகத் தாண்டும், தாண்டினால் கீழ் அடுக்கின் சலுகையும் போய்விடும். அதைக் காட்டி வீட்டுக்காரர் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு, பத்து வாங்குகிறார். எட்டு ரூபாய் என்றாலே அதே சமையலுக்கு 900 ரூபாய்க்கு மேல். தனிச் சமையலறையோடு இருக்கும் குடித்தனத்துக்குத் தனி சர்வீஸ் கேட்கலாம். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் போட மாட்டார்.

வயரிங்கையும் பாருங்கள். 2000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 16 ஆம்பியர் பிளக் பாயின்டும் எர்த்தும் வேண்டும். இந்த வீடுகளில் இருப்பது 1 சதுர மில்லிமீட்டர் வயர், ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்டது. அடுப்பை அந்த 5 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் சில நாளில் பிளக்கின் பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறும், பிறகு உருகும். கடற்காற்றில் திருகு துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம். தெருவின் கடைசி வீடு என்றால் சாயங்காலம் 170 வோல்ட், பல அடுப்புகள் எர்ரர் காட்டி நின்றுவிடும். அலுமினியக் குண்டானும் மீன் குழம்புச் சட்டியும் இன்டக்‌ஷனில் சூடேறாது, பாத்திரமும் புதிதாக வாங்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த ஒரு வரி யோசனையின் விலை.

இதையெல்லாம் சொன்னால் "எல்லாருக்கும் கரன்ட் குடுத்தாச்சு, புள்ளிவிவரம் பாரு" என்பார்கள். ஒரு கிராமத்தில் 10 சதவீத வீடுகளுக்கு இணைப்பு இருந்தாலே அது மின்மயமான கிராமம் என்று கணக்கு வைத்த நாடு இது. கம்பம் எண்ணுவது சுலபம். அடுப்பு எரிகிறதா என்று ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

கோபம் வருவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டமும் சேர்த்து 1,830 மெகாவாட். மூன்றாவது 800. வல்லூர் 1,500. இத்தனையும் ஓடுவது நம் ஆற்றோரத்தில். சாம்பல் குழாய் கசிந்து கொசஸ்தலையாற்றில் கலந்ததை ஊரே பார்த்தது. இறால் குறைந்தது, மீன் குறைந்தது, கையில் வரும் காசு குறைந்தது. நாட்டுக்கே வெளிச்சம் போகட்டும் என்று சாம்பலை வாங்கிக்கொண்டவர்கள் இவர்கள். அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, ஏன் விறகு எரிக்கிறாய் என்று சிரிப்பதற்கு ஒரு தகுதி வேண்டாமா?

"நம்ம வரிப்பணம்" என்று எழுதப் போகிறவர்களே, தீப்பெட்டியில் ஆரம்பித்து வாங்கும் எத்தனையோ பொருளில் அந்த அம்மாவும் வரி கட்டுகிறார்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019இலேயே எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம் திறந்துவிட்டார்கள். அந்தக் கேஸைக் குழாயில் வீட்டுக்கே கொடுத்தால் எரித்த அளவுக்கு மீட்டர் ஓடும், பணம் பிறகு கட்டலாம், மொத்தமாக 800 ரூபாய் எடுத்து வைக்க வேண்டியதில்லை. கூலி வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. அந்தக் குழாய் முதலில் துறைமுகத்தை ஒட்டிய குப்பங்களுக்கும் அத்திப்பட்டுக்கும் வர வேண்டும், அண்ணா நகருக்குப் போன பிறகு அல்ல. அதுவரை மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் வீட்டு வாசலில் வாங்கட்டும். இந்த இரண்டையும் உங்கள் பகுதி கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் எழுத்தில் கேளுங்கள், மனுவின் நகலை இங்கே போடுங்கள்.