லண்டன் மழையும் சென்னை மழையும்

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் கேட்டேன்: "வருஷத்துக்கு எங்கே அதிக மழை, லண்டனிலா சென்னையிலா?" வகுப்பே ஒரே குரலில் "லண்டன்" என்றது. லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர், சென்னையில் சுமார் 1400 என்று போர்டில் எழுதினேன். யாரும் நம்பவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அப்புறம் ஏன் மிஸ் எங்க தெருவுக்கு லாரித் தண்ணி வருது?"

அந்த ஆண்டு இங்கிலாந்துப் பள்ளி ஒன்றோடு சேர்ந்து மழை அளந்தோம். வெட்டிய பாட்டில், ஸ்கேல், ஒரு நோட்டு, அவ்வளவுதான் செலவு. குளிர்காலத்தில் நமக்கு மதியம் இரண்டரை என்றால் அங்கே காலை ஒன்பது. அந்த நேரத்தில் வாரம் ஒருமுறை இரு வகுப்பும் பேசிக்கொண்டன. அங்கே பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறுகிறது. இங்கே பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது, பிடித்து வைக்க ஏரி வேண்டும். அதிலிருந்து 2015 வெள்ளத்துக்கும், 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த கதைக்கும் பிள்ளைகளே போய்ச் சேர்ந்தார்கள். தங்கள் பகுதி ஏரி என்ன ஆனது என்று தாத்தா பாட்டியிடம் விசாரித்து எழுதி வந்தார்கள்.

பாடத்துக்குள் உலகம் வருவது என்றால் எனக்கு இதுதான். இப்படிப்பட்ட வேலையை அங்கீகரிக்கத்தான் பிரிட்டனின் கல்வி, பண்பாட்டு அமைப்பான பிரிட்டிஷ் கவுன்சில் பள்ளிகளுக்கு இன்டர்நேஷனல் ஸ்கூல் அவார்ட் என்ற விருதை வழங்கி வந்தது. பாடத்தோடு இணைந்த ஏழு செயல்பாடுகளாவது செய்ய வேண்டியிருந்தது, சிலவற்றை வெளிநாட்டுப் பள்ளியோடு சேர்ந்து செய்ய வேண்டியிருந்தது, முதலில் திட்டம், கடைசியில் மதிப்பீடு. கிடைத்தால் 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் என்று வைத்திருந்தார்கள். நல்ல விதிகள். நடைமுறையில்தான் கோளாறு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் 'ஜப்பான் நாள்' கொண்டாடினோம். கொடி, காகித விசிறி, நிறையப் போட்டோ. பிறகு ராத்திரி வரை உட்கார்ந்து ஃபைல் தயாரித்தோம். ஜப்பானைப் பற்றி ஒரு பிள்ளைக்கும் ஒரு கேள்விகூட வரவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இப்படிப்பட்ட விருதுக்கு மதிப்பிட வருபவர்கள் ஆல்பத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளின் நோட்டைக் கேட்க வேண்டும். அடித்தல் திருத்தலோடு இருக்கும் அந்த நோட்டில் எல்லாம் தெரிந்துவிடும்.

இந்த விருதுப் பலகையை நான் பார்த்ததெல்லாம் தனியார் பள்ளி வாசல்களில்தான். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. ஆங்கிலப் படிவமும் மின்னஞ்சலும்தான் மலைக்க வைக்கின்றன. வட்டாரத்துக்கு ஒருவர் அந்த எழுத்து வேலைக்குத் துணை நின்றாலே போதும். இணைப் பள்ளி இங்கிலாந்தில்தான் இருக்க வேண்டுமா என்ன? மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் ஒரே பருவமழை. வற்றாத ஆறு இல்லாத அந்த மண்ணில் கிணற்றுத் தண்ணீரை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று நம் பிள்ளைகள் தமிழிலேயே கேட்கலாமே.

அரசுப் பள்ளியில் யாராவது தொடங்க நினைத்தால் சொல்லுங்கள். எங்கள் மழைத் திட்டத்தை அப்படியே தருகிறேன், ஆங்கில எழுத்து வேலையையும் கூட உட்கார்ந்து செய்து தருகிறேன். பருவமழைக்கு முன் ஆரம்பித்தால் நல்லது.