அந்த சீட் யாருடையது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை உறவில் ஒரு வளைகாப்பு. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சித்தி, இலையில் சாதம் விழுவதற்கு முன்பே கேட்டுவிட்டார்: "முப்பத்தைந்து வயதில் நீ டாக்டருக்குப் படித்து என்ன செய்யப் போகிறாய்? ஒரு சின்னப் பெண்ணுக்குப் போக வேண்டிய சீட் அது. பாவம் இல்லையா?"

சாப்பாட்டு நேரத்தில் வாதம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஆனால் நான்கு நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உடன் வேலை பார்ப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள், என் அண்ணனும் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் நர்ஸ். பதின்மூன்று ஆண்டுகள், அதில் பெரும்பகுதி ஐ.சி.யூ.வில். நர்ஸ் வேலை தாழ்ந்தது என்று நினைத்து டாக்டராக ஆசைப்படுகிறேன் என்று யாராவது எண்ணினால், தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். என் ஆசை எங்கே தொடங்கியது என்பதை என்னால் சரியாகச் சொல்ல முடியும். ஒருநாள் இரவு, சர்க்கரை நோய் முற்றி மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. இன்சுலின் பம்ப்பை நான் தயாராக வைத்துவிட்டேன். லேப் ரிசல்ட்டைப் பார்த்த டியூட்டி டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். பொட்டாசியம் 3.1. "முதலில் பொட்டாசியம் ஏற்றுங்கள் சிஸ்டர், இன்சுலின் பிறகு" என்றார். விடியற்காலையில் கொஞ்சம் ஓய்ந்தபோது ஏன் என்று கேட்டேன். ஒரு பழைய சார்ட்டின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, இதுதான் செல் என்றார். இன்சுலின் கொடுத்தால் ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியம் செல்லுக்குள் போய்விடும். ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு அது இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும் என்று இரண்டு அம்புக்குறி போட்டுக் காட்டினார். அந்தத் தாள் இன்றும் என் பீரோவில் இருக்கிறது. அத்தனை ஆண்டுகள் அந்த மருந்தை என் கையால் ஏற்றியிருக்கிறேன். அதன் காரணம் தெரிந்தவுடன் அடுத்த காரணம் தெரிய வேண்டும் என்று மனம் தவித்தது. அந்தத் தவிப்பு அடங்கவே இல்லை.

சட்டத்தில் எனக்கு இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நடுவில் இல்லாமலும் இருந்தது. 2017இல் நீட் தேர்வுக்கு 25 வயது உச்சவரம்பு வைத்தார்கள். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30. வழக்குகள் நடந்தன. வயது கடந்தவர்களும் தற்காலிகமாக எழுதலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் உச்சவரம்பையே எடுத்துவிட்டது. 2022 மார்ச்சில் அந்தச் செய்தி வந்தபோது என் மகனுக்கு இரண்டு வயது. கைக்குழந்தையும் நைட் டியூட்டியுமாக இருந்த எனக்கு, கதவு இனி மூடாது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

இனி சித்தியின் கேள்விக்கு வருகிறேன். தர்மபுரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் 61ஆவது வயதில் நீட் எழுதி, 2022 ஜனவரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான கவுன்சலிங் வரை வந்துவிட்டு, இளைஞர் ஒருவருக்குக் கிடைக்கட்டும் என்று இடத்தை விட்டுக்கொடுத்தார். செய்தித்தாள்கள் அவரைப் பாராட்டின. எனக்கும் அவர்மீது மரியாதை உண்டு. ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது அவருடைய மனசு. அதையே அளவுகோலாக எடுத்து வயதில் மூத்த எல்லோர் தலையிலும் வைப்பது நியாயமில்லை. ஒடிசாவில் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் 2020இல் தம் 64ஆவது வயதில் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 2025இல் தென்காசிப் பக்கத்திலிருந்து 49 வயது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மகளோடு சேர்ந்தே படித்து, மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில் விருதுநகர் அரசுக் கல்லூரியில் இடம் பெற்றார். இவர்களும் யார் வீட்டு அடுப்பையும் அணைத்துவிடவில்லை.

எத்தனை வருடம் சேவை செய்வாய் என்று கணக்குக் கேட்கிறார்கள். சரி, கணக்கே பார்ப்போம். முப்பத்தாறில் சேர்ந்தால் படிப்பு நாலரை ஆண்டு, பயிற்சி ஓராண்டு. நாற்பத்திரண்டுக்குள் டாக்டர். எழுபது வயதிலும் நோயாளி பார்க்கும் டாக்டர்களை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். படித்து முடித்ததும் வெளிநாடு போகிறவரிடமும், திருமணத்துக்குப் பிறகு தொழிலையே விட்டுவிடுகிறவரிடமும் இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை; கேட்கவும் கூடாது. பிறகு எங்களிடம் மட்டும் ஏன்? பிரிட்டனில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கென்றே நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு இருக்கிறது. அமெரிக்காவிலோ ஒரு பட்டப்படிப்பை முடித்த பிறகே பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்கிறார்கள். நம் நாட்டில் அப்படித் தனிவழி கிடையாது. பதின்மூன்று ஆண்டு ஐ.சி.யூ. அனுபவத்துக்கு நீட்டில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அந்தச் சலுகையையும் நான் கேட்கவில்லை. பதினேழு வயதுப் பிள்ளை எழுதும் அதே 180 கேள்விகளைத்தான் நானும் எழுதுகிறேன்.

அதில் 45 கேள்விகள் இயற்பியல். அங்கேதான் சறுக்கினேன். உயிரியலில் பாதி என் வார்டிலேயே இருக்கிறது. ஆனால் சாய்தளத்தில் உருளும் கோளத்தை ப்ளஸ் டூவுக்குப் பிறகு நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. நைட் டியூட்டி முடித்து, மகனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து கணக்குப் போட்டேன். தேர்வு நாள் காலையில் காலில் இறுகிப்போன மெட்டியைச் சோப்பு நுரை போட்டுக் கழற்றினேன், உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பதால். சென்ற ஆண்டு தேர்ச்சி பெற்றேன், இடம் கிடைக்கவில்லை. மீண்டும் எழுதுகிறேன். தனியார் கல்லூரிக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அரசுக் கல்லூரி கிடைத்தால்தான் படிப்பு. அப்போதும் ஐந்தரை ஆண்டு என் சம்பளம் வீட்டுக்கு வராது. இதையெல்லாம் கணவரும் நானும் நோட்டில் எழுதிக் கூட்டிக் கழித்துத்தான் முடிவெடுத்தோம்.

சித்தி சொன்ன அந்தச் சின்னப் பெண் யார் என்று எனக்குத் தெரியும். அரசுப் பள்ளியில் படித்தவள், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவள். 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்காகத்தான் வந்தது. ஆனால் அது வந்தது 2020இல். நான் ப்ளஸ் டூ முடித்தது 2008இல். அன்றைக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்களிலிருந்து 200க்குக் கணக்கிட்ட கட் ஆஃப்தான் எல்லாமே. உயிரியலில் 188, வேதியியலில் 184, இயற்பியலில் 171 வாங்கினேன். கட் ஆஃப் 182.75. எங்கள் பள்ளியில் அது முதலிடம். மருத்துவத்துக்கு எட்டவில்லை. டிப்ளமோ நர்சிங் சேர்ந்தேன்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்றிதழ் வேண்டும் என்பதால் சென்ற ஆண்டு எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை எனக்குப் பழக்கமில்லாதவர். "மகளுக்கா?" என்று கேட்டார். "எனக்குத்தான் டீச்சர்" என்றேன். ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அலமாரியின் மேல் தட்டிலிருந்து 2001ஆம் ஆண்டுச் சேர்க்கைப் பதிவேட்டை அவரே இறக்கினார். ஓரங்கள் பொடிந்து உதிர்ந்தன. விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே வந்து என் பெயரில் நிறுத்தினார். அதற்கு நேராக அப்பாவின் தொழில்: விவசாயக் கூலி. அவர் சான்றிதழை எழுதத் தொடங்கினார். எதற்காக என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். நான் சொல்வதற்குள் அவரே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதினார்: "மருத்துவப் படிப்பு."