டிசைனர் முதலில் சிரித்துவிட வேண்டும்

பிரிட்டன் கருவூலத்தின் கீழ், அரசுக் கொள்முதலைக் கவனிக்க ஓர் அலுவலகம் இருந்தது. ஓ, ஜி, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள்தான் அதன் சுருக்கப் பெயர். 2008-இல் அதற்குப் புது லோகோ செய்தார்கள். செலவு 14,000 பவுண்டு. நேராகப் பார்த்தால் உருண்டையான, சுத்தமான மூன்று எழுத்துகள். அதையே வலப்பக்கமாக 90 டிகிரி திருப்பினால் ஒரு மனிதர் தெரிவார். அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை இங்கே எழுத முடியாது. கை எங்கே இருக்கிறது என்று நீங்களே தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். பேனாவிலும் மவுஸ் பேடிலும் அச்சேறிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மேஜையில் மவுஸ் பேடு கொஞ்சம் திரும்பினாலே போதுமே! பத்திரிகைகள் கேட்டபோது, அரசுச் செலவை இறுக்கிப் பிடிக்க வேண்டிய அலுவலகத்துக்கு இது பொருத்தமில்லாத படம் அல்ல என்று பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் மரியாதை.

இதற்கு நேர் எதிர்முனையில் ஃபெடெக்ஸ் கூரியர் கம்பெனியின் லோகோ. பெரிய இ எழுத்தும் சின்ன எக்ஸ் எழுத்தும் ஒட்டி நிற்கும் இடத்தில், நடுவில் மிச்சமாகும் வெள்ளை இடம் ஓர் அம்புக்குறி. லேண்டர் டிசைன் நிறுவனத்தில் இருந்த லிண்டன் லீடர் 1994-இல் செய்தது. அது தற்செயலாக வந்து விழுந்த அம்பு இல்லை. யுனிவர்ஸ், ஃபியூச்சுரா என்ற இரண்டு ஃபான்ட்களின் குணங்களைக் கலந்து, எழுத்துகளின் உயரத்தையும் தடிமனையும் மாற்றி மாற்றிப் போட்டு, அம்பு துருத்தாமலும் எழுத்து கோணாமலும் இருக்கிற ஒரு புள்ளிக்குக் கொண்டுவந்திருக்கிறார். பிறகு அந்த அம்பைப் பெரிதாக்கி, தனியாக எடுத்துக் காட்டி விளம்பரம் செய்யலாம் என்ற யோசனை வந்தபோது வேண்டாம் என்று நின்றிருக்கிறார். எனக்கு அவர் மேல் பிரியம் வந்ததே அந்த இடத்தில்தான். ஜோக்கைச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நின்று விளக்கவும் செய்தால் யார் சிரிப்பார்கள்?

இரண்டு லோகோவிலும் கண் செய்கிற வேலை ஒன்றேதான். எழுத்தைப் பார்க்கப் போய் வேறொன்றைப் பார்த்துவிடுகிறோம். ஒருமுறை பார்த்துவிட்டால் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. ஃபெடெக்ஸ் வண்டி எதிரே வந்தால் எனக்கு இப்போதெல்லாம் அம்புதான் முதலில் தெரிகிறது. வித்தியாசம் ஒன்றுதான்: ஃபெடெக்ஸில் அதை முதலில் பார்த்தவர் டிசைனர், ஓ.ஜி.சி.யில் முதலில் பார்த்தது ஊர். பிராண்டிங்கில் நல்லது கெட்டதைப் பிரிப்பதற்கு என்னிடம் இதைவிட நம்பிக்கையான அளவுகோல் இல்லை. லோகோவில் ஒளிந்திருக்கும் சிரிப்பை டிசைனர் முதலில் சிரித்து முடித்திருக்க வேண்டும்.

ஆப்பிள் லோகோவில் அந்தக் கடி எதற்கு என்று ஆளுக்கொரு தத்துவம் சொல்வார்கள். 1977-இல் அதை வரைந்த ராப் ஜனாஃப் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது: கடி இல்லாவிட்டால், சின்னதாக்கும்போது செர்ரிப் பழமாகத் தெரியும். அதாவது, மற்றவர்கள் சிரிக்க வாய்ப்பிருக்கும் இடத்தை முன்கூட்டியே அவர் பார்த்துவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டின் லோகோவில் நியூட்டனே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் சட்டமும் அதில் வாசகமும் வேறு. கம்ப்யூட்டர் மூலையில் நகம் அளவுக்கு அதை ஒட்டினால் நியூட்டன் எங்கே, மரம் எங்கே?

பெப்சி விவகாரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 2008-இல் பெப்சியின் வட்டத்தை மாற்றினார்கள். நடுவிலிருந்த வெள்ளைப் பட்டை சாய்ந்து ஒரு புன்னகை மாதிரி ஆனது. அடுத்த ஆண்டு, அதைச் செய்த ஆர்னெல் நிறுவனத்துடையது என்று சொல்லப்பட்ட 27 பக்க ஆவணம் ஒன்று இணையத்தில் கசிந்தது. அதில் மோனாலிசா உண்டு, பார்த்தினான் கோயில் உண்டு, தங்க விகிதம் உண்டு, பூமியின் காந்தப்புலம் உண்டு, கடைசியில் பிரபஞ்சம் விரிவடைவதுகூட உண்டு. எல்லாம் ஒரு குளிர்பான டின்னுக்காக. அப்புறம் ஒருவர் அந்த வட்டத்துக்கு மேலே தலையும் கீழே கால்களும் வரைந்தார். சிவப்பு பனியன் ஆயிற்று, நீலம் கால்சட்டை ஆயிற்று, நடுவில் வெள்ளைப் பட்டை பிதுங்கிய தொப்பை ஆயிற்று. 27 பக்கத்தையும் அந்த நாலு கோடு காலி செய்துவிட்டது. அந்த மீட்டிங் அறையில் ஒருவராவது பென்சிலை எடுத்து விளையாடிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் தொப்பை எப்படித் தெரியும்?

இதே ஆர்னெல் நிறுவனம் அதே சமயத்தில் செய்த இன்னொரு வேலை டிராபிகானா பழச்சாறுப் பாக்கெட். ஆரஞ்சுப் பழத்தில் நேராக ஸ்ட்ராவைக் குத்திய படம்தான் அந்தப் பாக்கெட்டின் அடையாளம். படிக்கத் தெரியாத குழந்தைகூட உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும். அதைத் தூக்கிவிட்டு ஒரு கண்ணாடிக் குவளையில் சாறு என்று போட்டார்கள். 2009 ஜனவரியில் அது கடைக்கு வந்தது, இரண்டு மாதத்துக்குள் விற்பனை 20 சதவீதம் விழுந்தது, பழைய ஸ்ட்ராவே திரும்பி வந்தது. பெயரில்லாத மலிவுச் சரக்கு மாதிரி இருக்கிறது என்று மக்கள் குறை சொன்னார்கள். எனக்கு வருத்தமான விஷயம், அதே புதுப் பாக்கெட்டில் அரை ஆரஞ்சு வடிவத்தில் ஒரு மூடி இருந்தது. திறப்பதற்காக அதைப் பிடித்துத் திருகினால், கையில் பழத்தைப் பிழிவது போல இருக்கும். எவ்வளவு அழகான விளையாட்டு! நல்ல ஜோக் மூடியில் இருந்தது, ஆனால் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது பாக்கெட்டின் முகம்.

கேப் துணிக் கம்பெனி 2010-இல் லோகோ மாற்றி, கேலி தாங்காமல் ஒரு வாரத்துக்குள் பழையதற்கே போனது. அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, எழுத்துக்குப் பின்னால் ஏன் ஒரு சின்ன நீலச் சதுரம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதைத் தவிர.

ஆனால் முதல் வாரச் சிரிப்பை மட்டும் வைத்து ஒரு லோகோவைக் கொன்றுவிடக் கூடாது என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி நைக்கி குறியை வரைந்துகொடுத்து 35 டாலர் வாங்கினார். எனக்கு இது பிடிக்கவில்லை, போகப் போகப் பிடிக்கலாம் என்றுதான் அதன் உரிமையாளர் ஃபில் நைட் எடுத்துக்கொண்டார். பின்னாளில் கம்பெனி அந்த மாணவிக்குப் பங்குகளும் கொடுத்தது. லண்டன் ஒலிம்பிக்கின் 2012 லோகோ 2007-இல் வெளியானபோது ஊரே சிரித்தது. உடைந்த கண்ணாடித் துண்டுகளாகக் கிடந்த அந்த எண்களில் ஈரான் ஒலிம்பிக் குழு 2011-இல் 'சியோன்' (ஜெருசலேமைக் குறிக்கும் யூதச் சொல்) என்று படித்துவிட்டு, போட்டிக்கே வராமல் போகலாம் என்று மிரட்டியது. வேண்டுமென்றே கரடுமுரடாகச் செய்த வேலை அது. எனக்கு அது இன்றைக்கும் பிடிக்கும், யார் சிரித்தாலும் சரி.

கியா விஷயத்தில் மட்டும் நான் சமரசத்துக்கு வரவில்லை. 2021-இல் வந்த புது லோகோவில் ஐ-யையும் ஏ-யையும் ஒட்டி, ஏ-யின் குறுக்குக் கோட்டையும் எடுத்துவிட்டார்கள். விளைவு, 'என்' என்ற ஆங்கில எழுத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி ஓர் எழுத்து. சாலையில் பார்த்த ஆயிரக்கணக்கானவர்கள் "கேஎன் கார்" யாருடையது என்று கூகுளில் தேடுகிறார்கள். அழகான கோடுதான், வளைவு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றே எழுத்துள்ள பெயரைப் படிக்க வைக்க முடியவில்லை என்றால் அந்த அழகை வைத்து என்ன செய்வது? அந்தக் குறுக்குக் கோட்டைத் திரும்பப் போடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.