வுல்ஃப்ராமை நீக்கியது நியாயமில்லை

தனிம வரிசை அட்டவணையில் 74-ஆம் கட்டத்தைப் பாருங்கள். பெயர் டங்ஸ்டன், குறியீடு டபிள்யூ. அந்தப் பெயரை எப்படிப் புரட்டினாலும் இந்த எழுத்து கிடைக்காது. இரும்புக்கு எஃப்இ போல இதுவும் ஏதோ பழைய லத்தீன் விவகாரம் என்று நினைத்து, நம்மில் பலர் மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்திருப்போம்.

ஆனால் ஃபெர்ரம் என்று இன்று யாரும் இரும்பைச் சொல்வதில்லை. டபிள்யூ என்ற எழுத்தைத் தந்த வுல்ஃப்ராம் அப்படியல்ல. ஜெர்மன், ரஷ்யன், போலிஷ், டச்சு மொழிகளில் இந்த உலோகத்துக்கு இன்றும் அதுதான் பெயர். சீனர்கள் 'வூ' என்று சொல்வதும் அதன் முதல் அசையிலிருந்து வந்ததே. ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன், ஜப்பானியம், அப்புறம் ஆங்கிலத்தின் வழியே நாமும் டங்ஸ்டன் பக்கம்.

இதில் பெரிய வேடிக்கை சுவீடன்காரர்கள். டங்ஸ்டன் என்பதே அவர்கள் மொழிச் சொல்தான்; 'கனமான கல்' என்று பொருள். அவர்கள் அந்தப் பெயரை வைத்தது ஒரு கனிமத்துக்கு. உலோகத்தைக் கேட்டால் அவர்களும் வோல்ஃப்ராம் என்கிறார்கள்! சொல்லுக்குச் சொந்தக்காரர்களே பயன்படுத்தாத பெயரைத்தான் உலகம் அதிகாரப்பூர்வமாக்கி வைத்திருக்கிறது.

வுல்ஃப்ராமின் கதை இன்னும் பழையது. ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் வெள்ளீயத் தாதுவை உருக்கியவர்களுக்கு, கூடவே வரும் ஒரு கனிமம் பெரிய தலைவலி. அது கலந்திருந்தால் கிடைக்கிற வெள்ளீயம் குறைந்துவிடும். ஓநாய் ஆட்டைத் தின்பதுபோல இது வெள்ளீயத்தைத் தின்கிறது என்று திட்டினார்கள்; ஜெர்மனில் 'வோல்ஃப்' என்றால் ஓநாய். 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கனிமவியல் அறிஞர் அக்ரிகோலா அதை லத்தீனில் 'ஓநாயின் நுரை' என்று எழுதிவைத்தார். சுரங்கத்தில் வெந்து நொந்தவர்களின் வசவு ஒரு தனிமத்தின் பெயரானது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 'கனமான கல்'லில் அந்த உயிர் இல்லை.

சரி, பிடித்திருக்கிறது என்பது வாதம் ஆகாது. கண்டுபிடித்தது யார் என்று பார்ப்போம். 1781-இல் சுவீடனில் வேதியியலாளர் ஷீலே அந்தக் கனமான கல்லிலிருந்து ஒரு புதிய அமிலத்தைப் பிரித்தார். உலோகம் அவர் கைக்கு வரவில்லை. 1783-இல் ஸ்பெயினின் பெர்கராவில் ஹுவான் ஹொசே, ஃபாஸ்டோ எலுயார் என்ற சகோதரர்கள் அந்த ஓநாய்க் கனிமமான வுல்ஃப்ரமைட்டிலிருந்து அதே அமிலத்தை எடுத்து, கரியோடு சேர்த்துச் சூடாக்கி உலோகத்தையே பிரித்தார்கள். எந்தக் கனிமத்திலிருந்து எடுத்தோமோ அதன் பெயரையே வைக்கிறோம் என்று எழுதி, வோல்ஃப்ராம் என்று அறிவித்தார்கள். ஷீலேவின் பங்கு சிறியதல்ல. அந்தக் கனமான கல்லுக்கே பிற்பாடு ஷீலைட் என்று அவர் பெயரை வைத்துவிட்டார்கள். அப்படியிருக்க, உலோகத்தைப் பிரித்தவர்கள் வைத்த பெயருக்கு மட்டும் ஏன் இடமில்லை?

வேதியியலில் பெயரிடும் விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐயுபிஏசி, 2005 பரிந்துரைகளில் வுல்ஃப்ராமை மாற்றுப் பெயர் என்ற இடத்திலிருந்தும் எடுத்துவிட்டது. குறியீடு எங்கிருந்து வந்தது என்பதற்கான அடிக்குறிப்பாக மட்டும் அது நிற்கிறது. ஸ்பானிய வேதியியலாளர்கள் எதிர்த்தார்கள், பலனில்லை. இந்தப் பட்டியல் ஆங்கிலப் பெயர்களுக்கானது, மற்ற மொழிகள் தங்கள் பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம்.

அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. அதே பட்டியலில் அலுமினியம் என்பதோடு அமெரிக்கர்களின் 'அலுமினம்' என்ற வடிவத்துக்கும் இடம் இருக்கிறது. ஓர் எழுத்து வித்தியாசத்துக்கே இவ்வளவு தாராளம் காட்ட முடியுமென்றால், குறியீட்டையே தந்த பெயருக்கு ஏன் கஞ்சத்தனம்?

குழப்பம் வரும் என்பார்கள். கொலம்பியம், நியோபியம் என்று ஒரே தனிமத்துக்கு இரண்டு பெயர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடின. 1949-இல் நியோபியம் என்று முடிவு செய்த பிறகும் அமெரிக்க உலோகத் தொழிலில் கொலம்பியம் போய்விடவில்லை. அதனால் வேதியியல் ஒன்றும் நின்றுவிடவில்லையே. நைட்ரஜனைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அசோட் என்கிறார்கள், அதையும் யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை.

டங்ஸ்டனைத் தூக்கிவிடச் சொல்லவில்லை. அது நன்றாக வேரூன்றிவிட்டது. நம் பாடநூல்களிலாவது அதன் பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி போட்டு வுல்ஃப்ராம் என்று அச்சிடலாம். அதற்கு ஐயுபிஏசியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.