கால் இல்லாதவருக்கும் "நடவுங்கோ" தானா?

வன்னியில் பிறசர், சீனி, கொலஸ்ட்ரோல் என்று கிளினிக் போகிறவர்களுக்கு வழமையாகச் சொல்லப்படுவது ஒன்றுதான்: "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ." நல்ல புத்திதான். ஆனால் ஷெல்லிலும் மிதிவெடியிலும் கால் போனவர்கள் இத்தனை பேர் வாழ்கிற மண்ணில் அது எல்லோருக்கும் பொருந்தாது. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணைக்கு இரண்டு காலும் முழங்காலுக்கு மேலே இல்லை. அவருடைய கிளினிக் கொப்பியிலும் அதே வரி. வாசிக்க வயிறு எரிந்தது.

கொஞ்ச நாளாக ஐரிசின் பற்றி வாசிக்கிறேன். 2012இல் ஹார்வர்டில் புரூஸ் ஸ்பீகல்மனின் ஆய்வுக்குழு அறிவித்த ஹோர்மோன் இது. தசை வேலை செய்யும்போது அதன் கலங்களில் உள்ள ஒரு புரதம் வெட்டுப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. இரத்தம் தடைப்பட்டு மீண்டும் பாயும்போது இதயத் தசைக்கு வரும் சேதத்தை எலிகளில் அது குறைத்திருக்கிறது. மனிதரில் விஷயம் இன்னும் தெளியவில்லை. இதய நாடி அடைப்பு உள்ளவர்களுக்கு ஐரிசின் குறைவு என்று பல ஆய்வுகள். மாரடைப்புக்குப் பிறகு அது கூடியிருந்தவர்களின் நிலைதான் மோசமானது என்றும் ஆய்வு உண்டு. மருந்தாக ஒன்றும் வரவில்லை. ஐரிசின் கூட்டும் பவுடர் என்று யாரும் விற்றால் தயவுசெய்து வாங்காதையுங்கோ.

எனக்கு இதில் பெரிதாகப் பட்டது வேறு. தசையும் ஒரு சுரப்பி மாதிரி இரத்தத்துக்குள் செய்தி அனுப்புகிறது. அப்படியென்றால் தோளும் நெஞ்சும் கையும் தசைதானே? கால் போனவர்களுக்கு இதயத்தைக் கவனிப்பது இன்னும் முக்கியம். இரண்டாம் உலகப்போரில் கால், கை இழந்த அமெரிக்கப் படைவீரர்களை நெடுங்காலம் கவனித்தபோது, முழங்கால், முழங்கைக்கு மேலே இழந்தவர்களிடம் இதயநோய் இறப்பு கூடுதலாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தே வழிகாட்டி வெளியிட்டது: வாரம் 150 நிமிடமாவது உடலை அசைக்க வேணும். நடந்துதான் அசைக்க வேணும் என்று அதில் இல்லை.

அந்த அண்ணை முன்பு கையால் சுற்றுகிற மூன்று சில்லு வண்டியில்தான் சந்தைக்குப் போவார். மணல் ஒழுங்கையில் அதைக் கையால் சுற்றி ஓட்டிக்கொண்டு வரும்போது சட்டை நனைந்திருக்கும், தோள் இறுகி நிற்கும். மோட்டார் பூட்டிய வண்டி வந்தது அவருக்குப் பெரிய ஆறுதல், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த உழைப்புக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

கிளினிக்கில் வாரம் ஒருநாளாவது ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்து, இருந்தபடியே செய்யும் கைப்பயிற்சியைக் காட்டித்தர வேணும். இழுவைப் பட்டியும் தண்ணீர் நிரப்பிய போத்தலும் போதும். தோள் தேயாமல் எவ்வளவு, இதய வருத்தம் ஏற்கெனவே உள்ளவருக்கு எவ்வளவு என்பதை டொக்டர் கொப்பியில் எழுதிவிட வேணும்.